வீட்டுச் சொற்களுக்குள் மறையும் கர்ப்பகால ஆபத்துகள்

கருவுற்ற பெண்ணின் உடல்மாற்றங்களுக்கு மசக்கை, நீர் கோத்தல், சூட்டு வலி எனத் தமிழ்நாட்டு வீடுகளில் பெயர்கள் உண்டு. இவை பெரும்பாலும் இயல்பான மாற்றங்களையே குறித்தாலும், ஆபத்தின் அறிகுறிகளும் அதே பெயர்களுக்குள் ஒதுங்கிக்கொள்வதால், கர்ப்பகாலக் கவனிப்பில் முதலில் தேவைப்படுவது இவ்விரண்டையும் பிரித்தறியும் அறிவே ஆகும். 2018–20 காலத்தில் 1,00,000 உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மாரும் தமிழ்நாட்டில் 54 தாய்மாரும் இறந்தனர் என்கிறது மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு.

நீர் கோத்தலும் இரத்த அழுத்தமும்

மாலையில் கணுக்காலில் தோன்றி, இரவு படுத்து எழுந்தால் வடிந்துவிடும் வீக்கம் கர்ப்பிணிகள் பலருக்கும் வருவதே. ஆனால் காலையில் எழும்போதே முகம் உப்பியிருப்பதும், விரலிலுள்ள மோதிரம் இறுகிக் கழற்ற வராமல் போவதும், அவற்றுடன் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவை சேர்வதும் முன்சூல்வலிப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். 20 வாரங்களுக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90 அளவையோ அதற்கு மேலோ எட்டி, சிறுநீரில் புரதம் வெளியேறுவதை அல்லது கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் பாதிக்கப்படுவதை மருத்துவர்கள் இப்பெயரால் குறிப்பர். முற்றினால் அது வலிப்பாக மாறித் தாய், சேய் இருவர் உயிரையும் பறிக்கக்கூடும். வீக்கம் சிறிதும் இல்லாமலே இந்நோய் வருவதுண்டு என்பதால்தான், நலமாகத் தோன்றும் பெண்ணுக்கும் ஒவ்வொரு பரிசோதனையின்போதும் அழுத்தம் அளக்கப்படுகிறது.

விழுங்கப்படாத மாத்திரை

ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் குறைவது இரத்தச்சோகை. 7 கிராமுக்கும் கீழே இறங்கினால் அது கடுமையானது. பேற்றின்போது மற்றொரு பெண் தாங்கிக்கொள்ளும் அளவு இரத்த இழப்பே இரத்தச்சோகையுள்ள பெண்ணின் உயிருக்கு உலையாகலாம் என்பதாலேயே, நான்காம் மாதம் முதல் நாளொன்றுக்கு ஒன்றாக 180 நாள்களுக்கு இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகள் தரப்படுகின்றன. மலம் கறுத்துப் போவதைக் கண்ட அச்சமும், குழந்தை கறுத்துவிடும் அல்லது பெருத்துவிடும் என்ற நம்பிக்கையும் பலரை மாத்திரையை நிறுத்தச் செய்கின்றன. மலத்தின் கறுப்பு உடல் ஏற்காத இரும்பின் நிறமேயன்றி நோயன்று. தேநீருடனோ சுண்ணாம்புச்சத்து மாத்திரையுடனோ சேர்த்து விழுங்கினால் இரும்பு உடலில் சரிவரச் சேராது. மாத்திரை வாங்கியவரைப் பதிவேடு காட்டும், விழுங்கியவரைக் காட்டாது.

சர்க்கரையும் இரத்தப் பிரிவும்

கர்ப்பகால நீரிழிவைக் கண்டறிய, சென்னை மருத்துவர் வி. சேஷையா முன்வைத்த முறையில், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடித்த 2 மணி நேரத்துக்குப் பின் சர்க்கரை அளவு 140 மில்லிகிராமை எட்டுகிறதா என்று பார்ப்பர். உண்டுவிட்டு வந்தாலும் செய்யலாம் என்பது, பேருந்தேறி வெகுதூரம் வரும் பெண்ணுக்குச் சிறிய உதவியன்று. சர்க்கரையைப் போலவே இரத்தப் பிரிவையும் பார்க்க வேண்டும்; ஆர்எச் நெகட்டிவ் பிரிவுப் பெண்களுக்குக் கணவரின் இரத்தப் பிரிவையும் அறிவது தேவை.

வளைகாப்புக்குப் பின்

28 வாரம் வரை மாதம் ஒருமுறையும், பின்னர் இரு வாரத்துக்கு ஒருமுறையும், 36 வாரத்துக்குப் பின் வாரந்தோறும் எனப் பரிசோதனைகள் நெருங்கி வரவேண்டிய கட்டத்தில்தான், தலைப்பிள்ளைக்காரி வளைகாப்பு முடிந்து பிறந்த வீடு செல்கிறாள். ஊர் மாறுகிறது, கிராம சுகாதார செவிலியர் மாறுகிறார். முன்பே ஏறிவந்த அழுத்தத்தின் கணக்கு பழைய ஊரிலேயே தங்கிவிடுகிறது. அரசின் நிதியுதவிக்காகவே பலர் நினைவில் வைத்திருக்கும், கர்ப்பத்தைப் பதிவு செய்கையில் தரப்படும் பிக்மி எண்ணும், பரிசோதனை அட்டையும், ஸ்கேன் அறிக்கைகளும் சீர்வரிசைத் தட்டுகளுடன் செல்ல வேண்டியவை.

சூட்டு வலி

ஒழுங்கின்றி வந்து, ஓய்வெடுத்தால் அடங்கும் பொய் வலியைச் சூட்டு வலி என்பர். அதற்குச் சீரகத் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். இடைவெளி குறைந்துகொண்டே வந்து வலுக்கும் வலி அவ்வகையன்று. இரத்தக்கசிவு, பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், வலியே இல்லாவிட்டாலும், அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். வண்டி இல்லாத வீட்டுக்கு 108 ஆம்புலன்ஸ் இரவிலும் வரும்.