கண்ணில் படாத பல்பு

டென்மார்க் நாட்டு வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு மேலே அடிக்கடி காணப்படும் விளக்கு ஒன்று உண்டு. வண்ணம் பூசிய உலோக ஷேடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். மேசையைச் சுற்றி எந்த நாற்காலியில் அமர்ந்தாலும் பல்பு கண்ணில் படாது. தட்டில் உள்ள உணவு தெளிவாகத் தெரியும். எதிரே இருப்பவரின் முகமும் தெரியும். பி.ஹெச்.5 எனப்படும் இந்த விளக்கு 1958-இல் வெளிவந்தது. வடிவமைத்தவர் பவுல் ஹென்னிங்சன். அவருடைய பெயரின் முதலெழுத்துகளே விளக்குக்கும் பெயராயின. பெரிய ஷேடின் விட்டம் 50 செ.மீ. என்பதால் 5 என்ற எண் சேர்ந்துகொண்டது.

அலங்கார விளக்கு என்றதும் படிகத் தொங்கல்களும் தங்க முலாமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஹென்னிங்சனின் விளக்குகளில் அப்படி ஒட்டவைத்த அழகு எதுவும் கிடையாது. ஒவ்வொரு வளைவுக்கும் ஒவ்வொரு விளிம்புக்கும் ஒரு வேலை இருக்கிறது. இருந்தும் டென்மார்க் வடிவமைப்பு அருங்காட்சியகத்தில் அவை கலைப்பொருள்களாக வைக்கப்பட்டிருக்கின்றன. 2006-இல் டென்மார்க் அரசு வெளியிட்ட தேசியப் பண்பாட்டுப் பட்டியலிலும் இடம்பெற்றன. அந்த அழகு எப்படி உருவானது என்று தெரிந்துகொள்ள, ஒளி எப்படி நடந்துகொள்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மண்ணெண்ணெய் வெளிச்சத்தில் வளர்ந்தவர்

ஹென்னிங்சன் 1894-இல் கோபன்ஹேகனுக்கு அருகில் ஓர்ட்ரூப்பில் பிறந்தார். தாயார் அக்னெஸ் ஹென்னிங்சன் எழுத்தாளர். ஹென்னிங்சன் கட்டடக்கலை படித்தார், பட்டம் பெறவில்லை. அவருடைய பிள்ளைப் பருவத்தில் வீட்டில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு. அதன் சுடர் மஞ்சளானது, மென்மையானது. அதை நேராகப் பார்த்தாலும் கண் வலிக்காது.

பின்னர் மின்விளக்கு வந்தது. தொடக்கக் காலத்துக் கரி இழை பல்புகள் மங்கலாகத்தான் எரிந்தன. டங்ஸ்டன் இழையும், 1910களில் பல்புக்குள் மந்த வாயுவை நிரப்பும் முறையும் வந்த பிறகு வெளிச்சம் பன்மடங்கு கூடியது. அத்தனை வெளிச்சமும் மிகச் சிறிய இழையிலிருந்து புறப்பட்டதால் கண் கூசத் தொடங்கியது.

கண்கூச்சத்தால் அசௌகரியம் மட்டும் ஏற்படுவதில்லை, பார்வையும் குறைகிறது. மிகப் பிரகாசமான ஒரு புள்ளி எதிரே இருக்கும்போது பாவை சுருங்குகிறது. அந்தப் புள்ளியின் ஒளி விழிக்குள் சிதறி, பார்க்கும் காட்சியின் மேல் ஒரு மங்கல் திரையாகப் படர்கிறது. அறையில் வெளிச்சம் நிறைய இருந்தும் எதிரே உள்ளவரின் முகம் கருத்துத் தெரிவது இதனால்தான். சிறிய ஒளிமூலம் இன்னொரு தொல்லையும் தருகிறது. அதன் நிழல்களின் ஓரம் கத்தி போல் கூர்மையாக இருக்கும். மூக்கின் நிழலும் புருவத்தின் நிழலும் முகத்தில் கறுப்பாக விழும். ஒளி பெரிய பரப்பிலிருந்து வந்தால் நிழலின் விளிம்பு மெல்ல மெல்லக் கரையும்.

ஹென்னிங்சனின் நோக்கத்தை இப்படிச் சொல்லலாம்: மின்சாரத்தின் வலிமையை இழக்காமல் மண்ணெண்ணெய்ச் சுடரின் மென்மையை மீட்பது. பாலைப் போன்ற வெண்கண்ணாடி உருண்டைக்குள் பல்பை வைத்தால் கூச்சம் குறையும். ஆனால் ஒளி எல்லாத் திசைகளிலும் பரவி, தேவையான இடத்துக்குக் குறைவாகவே வந்து சேரும். கெட்டியான ஒரே ஷேடைக் கவிழ்த்தால் கீழே மட்டும் வெளிச்சம் கொட்டும், அறையின் மற்ற பகுதி இருண்டுவிடும். இரண்டும் அவருக்கு நிறைவு தரவில்லை.

மூன்று ஷேடுகள், ஒரே சுருள்

1924-இல் அவர் லூயி பவுல்சன் என்ற கோபன்ஹேகன் நிறுவனத்துடன் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினார். அடுத்த ஆண்டு பாரிஸில் நடந்த பன்னாட்டு அலங்காரக் கலைக் கண்காட்சியில் அவருடைய விளக்கு தங்கப் பதக்கம் பெற்றது. 1926-இல் கோபன்ஹேகனில் கட்டப்பட்ட ஃபோரம் என்ற பெரிய கண்காட்சி மண்டபத்துக்காக அந்த வடிவத்தை மேலும் செதுக்கினார். புகழ்பெற்ற மூன்று ஷேடு அமைப்பு அப்போது உருவானது.

அந்த ஷேடுகளின் வளைவு, கணிதத்தில் மடக்கைச் சுருள் எனப்படுவது. நாட்டிலஸ் என்ற கடல் உயிரியின் ஓட்டில் இதற்கு நெருங்கிய வடிவத்தைக் காணலாம். இந்தச் சுருளுக்கு ஒரு சிறப்புக் குணம் உண்டு. அதன் மையத்திலிருந்து வளைவின் எந்தப் புள்ளிக்குக் கோடு வரைந்தாலும், அந்தக் கோடு வளைவைத் தொடும் கோணம் மாறாது. பல்பின் ஒளிமையத்தைச் சுருளின் மையத்தில் வைத்துவிட்டால் ஷேடின் எல்லா இடத்திலும் ஒளி ஒரே கோணத்தில் படும்.

அரைக்கோள வடிவ ஷேடுக்குள் பல்பைத் தொங்கவிட்டால் சில இடங்களில் ஒளி நேராக மோதும், சில இடங்களில் சாய்ந்து வழுக்கும். உள்ளே திட்டுத் திட்டாகப் பளிச்சிடும். மடக்கைச் சுருளில் கோணம் மாறாததால், பல்பிலிருந்து விலக விலக ஒளி சீராகக் குறைந்துகொண்டே போகும். உட்புறத்தைப் பளபளப்பில்லாமல் வெள்ளையாக வைத்திருந்தார்கள். கண்ணாடி போன்ற பளபளப்பு இருந்தால் பல்பின் பிம்பமே அதில் தெரிந்து மீண்டும் கண் கூசும். மங்கிய வெள்ளைப் பரப்போ ஒளியைப் பிரித்துப் பரப்பிவிடும்.

ஒரே ஷேடால் பல்பை எல்லாப் பக்கமும் மறைக்க முயன்றால் ஒளி உள்ளேயே அடைபடும். அதனால் அந்த வேலையை மூன்றாகப் பகிர்ந்தளித்தார். மேல் ஷேடு பெரியது, நடு ஷேடு அதில் பாதி, கீழ் ஷேடு அதிலும் பாதி. விட்டங்கள் ஏறக்குறைய 4:2:1. பல்பின் ஒளி ஒவ்வொரு ஷேடின் உட்புறத்திலும் பட்டுக் கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் திரும்புகிறது. பெரும்பகுதி மேசைக்கு வருகிறது. கொஞ்சம் அறைக்குப் போகிறது. பல்பை நேரே பார்க்கும் வழியை ஷேடுகளின் விளிம்புகள் அடைத்துவிடுகின்றன.

போர்க்கால வெளிச்சம்

1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்தது. இரவில் விமானங்களுக்கு வெளிச்சம் தெரியக்கூடாது என்பது கட்டளை. கோபன்ஹேகனின் டிவோலி பூங்காவோ மாலை விளக்குகளாலேயே பெயர் பெற்றது. 1941-இல் ஹென்னிங்சன் அதற்காக ஒரு விளக்கு செய்தார். ஒளி தரையில் விழும், மேலே கசியாது. நள்ளிரவு வரை பூங்கா திறந்திருக்க அது உதவியது. எந்தத் திசைக்கு ஒளி போக வேண்டும், எந்தத் திசைக்குப் போகக்கூடாது என்பதை ஷேடு ஒன்றாலேயே தீர்மானிக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. 1943-இல் அவரே நாட்டைவிட்டுத் தப்ப வேண்டியதாயிற்று. கட்டடக் கலைஞர் ஆர்னே யாகப்சன் உள்ளிட்டோருடன் படகில் கடலைக் கடந்து ஸ்வீடன் சேர்ந்தார்.

72 இலைகள்

அவருடைய விளக்குகளில் சிற்பத்துக்கு மிக அருகில் வருவது ‘ஆர்ட்டிசோக்’. ஈவா கோப்பல், நில்ஸ் கோப்பல் என்ற கட்டடக் கலைஞர் தம்பதி கோபன்ஹேகனில் கட்டிய லாங்கலீனி உணவகத்துக்காக 1958-இல் செய்யப்பட்டது. வரிசைக்கு 6 ஆக 12 வரிசைகளில் 72 செப்பு இலைகள். ஓட்டுக் கூரையில் ஒரு வரிசை ஓடுகளின் இடைவெளியை அடுத்த வரிசை மூடுவது போல, ஒவ்வொரு வரிசை இலையும் முந்தைய வரிசையின் இடைவெளிக்கு நேராக நிற்கிறது. கீழிருந்து பார்த்தாலும் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பல்பு தெரியாது. ஒவ்வோர் இலையின் உட்புறமும் தன்மேல் விழும் ஒளியை வாங்கி, எதிரே உள்ள இலைக்கும் அறைக்கும் ஒளியூட்டுகிறது. பல்பை மறைக்கும் வேலையும் பார்ப்போரை மயக்கும் அழகும் அதே 72 இலைகளால் கிடைக்கின்றன.

மாறும் பல்புகளுக்கு ஒரு விடை

பழைய மூன்று ஷேடு விளக்குகளுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. பல்பின் ஒளிமையம் சரியான இடத்தில் இருந்தாக வேண்டும். பல்பு உற்பத்தியாளர்களோ அளவையும் வடிவத்தையும் அடிக்கடி மாற்றினார்கள். அதற்கு விடையாக வந்ததுதான் பி.ஹெச்.5. எந்தப் பல்பைப் பொருத்தினாலும் கூச்சம் வராதபடி அதன் ஷேடுகள் அமைந்தன. உள்ளே சிவப்பு, நீல வண்ணம் பூசிய சிறு பாகங்களையும் வைத்தார். மனிதக் கண் மஞ்சளும் பச்சையும் சேரும் பகுதியைத்தான் மிகக் கூர்மையாக உணர்கிறது; சிவப்பையும் நீலத்தையும் அந்த அளவுக்கு உணர்வதில்லை. அந்தக் குறையைச் சற்று நிரப்புவதற்காகவே இந்த வண்ணங்கள்.

எந்தப் பல்புக்கும் பொருந்தும்படி அமைத்த அந்த முன்யோசனை இன்று பலன் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2009 முதல் 2012 வரை சாதாரண இழை பல்புகளைப் படிப்படியாகச் சந்தையிலிருந்து விலக்கியது. எல்.இ.டி. அந்த இடத்தைப் பிடித்தது. மின்சாரம் மிச்சமானது, கூச்சம் மட்டும் போகவில்லை. எல்.இ.டி.யின் ஒளிமூலம் இன்னும் சிறியது, இன்னும் பிரகாசமானது. பி.ஹெச்.5 விளக்கில் பல்பை மாற்றினால் போதும், ஷேடுகள் தம் வேலையைத் தொடர்ந்து செய்கின்றன.

ஹென்னிங்சன் 1967-இல் காலமானார். அறைக்குச் சரியாக வெளிச்சம் தருவதற்குப் பணத்தைவிடப் பண்பாடு முக்கியம் என்று அவர் கருதினார். அவருடைய விளக்குகள் இன்று விலை உயர்ந்தவை. அவற்றின் பின்னுள்ள பாடத்தை எந்த வீட்டிலும் பின்பற்றலாம். சாப்பாட்டு மேசைக்கு மேல் ஏறக்குறைய 60 செ.மீ. உயரத்தில், பல்பை மறைக்கும் ஷேடுடன் ஒரு விளக்கைத் தொங்கவிடலாம். அறை முழுவதற்கும் ஒரே பெரிய விளக்கைப் போடுவதற்குப் பதில், வேலை நடக்கும் இடந்தோறும் சிறு விளக்குகளாகப் பிரித்துப் போடலாம். கடையில் அலங்கார விளக்கைத் தேர்ந்தெடுக்கும்போது அணைந்திருக்கும் விளக்கின் அழகை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. அதை எரியவிடச் சொல்லி, அதன் கீழே உட்கார்ந்து, எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். முகம் நன்றாகத் தெரிந்தால் அது நல்ல விளக்கு.