களை எடுக்கும் கண்

கொல்லிமலையில் சாமைக் காட்டுக்குக் களை எடுக்க முதன்முறை இறங்குபவர் திகைத்துத்தான் போவார். விதைத்துச் சில வாரமே ஆன காட்டில் எல்லாமே புல்லாகத் தெரியும். சாமையும் புல்தானே! எதைப் பிடுங்குவது, எதை விடுவது என்று கை தயங்கும். பக்கத்தில் குனிந்திருக்கும் மலையாளிப் பழங்குடிப் பெண்ணின் கையோ தயங்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும்.

உழைப்பைக் கொடுத்து, சோறும் தங்க இடமும் பெற்று, இயற்கைப் பண்ணையில் சில வாரம் கற்றுவரும் வழக்கம் இன்று உலகெங்கும் இருக்கிறது. லண்டனில் செயலாளராக வேலை பார்த்த சூ காப்பர்ட் 1971-இல் தொடங்கிய 'வூஃப்' இயக்கம் அதற்குப் பெரிய வழி திறந்தது. நம் ஆரோவில் பண்ணைகளுக்கும் அயல்நாட்டுத் தன்னார்வலர்கள் வருகிறார்கள். புதிதாக வருபவரிடம் எளிதாக ஒப்படைக்கக்கூடிய வேலை என்று களையெடுப்பைத்தான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் உழவின் மிக நுட்பமான அறிவு அதில்தான் இருக்கிறது.

குதிரைவாலியின் காட்டு உறவான புல் ஒன்று உண்டு. இளம் பருவத்தில் அது சாமையைப் போலவே இருக்கும். இலை தண்டைத் தழுவியிருக்கும் இடத்தை மெல்ல விலக்கிப் பாருங்கள். சாமையில் அந்த மடிப்பில் நுண்ணிய மயிர்வரிசை தென்படும். காட்டுப் புல்லில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். தாவரவியலாளர் உருப்பெருக்கியால் தேடும் இந்த அடையாளத்தோடு, நிறம், தண்டின் சாய்வு, தூர் விரியும் விதம் எல்லாவற்றையும் சேர்த்து, பழகிய கண் ஒரே பார்வையில் பிரித்துவிடுகிறது.

வியப்பு இதோடு முடியவில்லை. அந்தப் பார்வை களையையே மாற்றிவிடும். தலைமுறை தலைமுறையாக வேறுபட்டுத் தெரியும் களைகளைப் பிடுங்கினால், பயிரைப் போலத் தெரிபவை மட்டும் தப்பி விதை உதிர்க்கும். களை மெல்ல மெல்லப் பயிரின் வேடத்தைப் போட்டுக்கொள்ளும். ரஷ்ய அறிவியலாளர் நிகோலாய் வாவிலோவின் பெயரால் இன்று இதை அழைக்கிறார்கள். கோதுமை வயலில் களையாக நுழைந்த ரை தானியம் இப்படித்தான் பின்னர் தானே பயிரானது. சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகையில் நெல்லைப்போல நிமிர்ந்து வளரும் புல்லின் மரபணுக்களை 2019-இல் ஆராய்ந்தபோது, அந்த வேடம் ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியது தெரியவந்தது. குனிந்து களை எடுத்தவர்களின் கண்கள் ஒரு புல்லின் உடலையே மாற்றியிருக்கின்றன.

அதே கண்தான் அறுவடையில் விதைக்கதிரையும் தேர்ந்தது. மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, பெருஞ்சாமை என்று கொல்லிமலையில் வழங்கும் பெயர் ஒவ்வொன்றும் அப்படிப் பொறுக்கி எடுத்த ஒரு பரம்பரை. ஆனால் சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி மலையேறியதும் சிறுதானியக் காடுகள் சுருங்கின. உரலில் குத்தி உமி நீக்கும் பாடும் பெண்களைச் சோர வைத்தது. 1990-களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைமக்களோடு சேர்ந்து ஊர் விதை வங்கிகளை அமைத்தது, உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்தது. அதனால் பல விதைகள் தப்பின.

விதையைக் குளிர்பெட்டியில் வைத்துக் காக்கலாம். அதை அடையாளம் காணும் கண்ணை எந்தப் பெட்டியிலும் வைக்க முடியாது. அந்தக் கண்ணைப் பழக்கத்தான் வேண்டும். 1978-இல் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் ஆஸ்திரேலியாவில் பெர்மாகல்ச்சர் என்னும் நிலைத்த வேளாண் முறையை நூலாக்கினார்கள். நிலத்தில் கை வைக்கும் முன் நெடுநாள் கவனி என்பது அதன் அடிப்படைப் பாடம். அந்தப் பாடத்தைக் கற்கப் போகிறவர்கள் அயல்நாட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. ஆடி மாதத்தில் கொல்லிமலைக்கு ஏறி, ஒரு பாட்டியின் பக்கத்தில் குனிந்து, "இது சாமையா பாட்டி?" என்று கேட்டாலே பாடம் தொடங்கிவிடும்.