உங்களுக்குள் எத்தனை மேனேஜர்?

'ஒரு மனசு வேலையை விட்டுடுன்னு சொல்லுது, இன்னொரு மனசு ஈ.எம்.ஐ-யை நினைச்சுக்கோங்குது' என்று நீங்கள் எப்போதாவது புலம்பியிருப்பீர்கள். கேட்டவர் உங்களை ஒரு மாதிரி பார்த்திருக்க மாட்டார். தமிழில் அது சாதாரணப் பேச்சு. அதே மாதிரி, பயம் வந்தால் நமக்கு வயிற்றைக் கலக்கும். பொறாமை வந்தால் வயிறு எரியும். துக்கம் தொண்டையை அடைக்கும்.

மனசு என்பது ஒரே ஆள் இல்லை, அது தலையில் மட்டும் குடியிருக்கவும் இல்லை. இந்த இரண்டு சமாசாரத்தையும் நம் பாட்டிமார்கள் காசு வாங்காமல் சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவில் இதையே முறையாகக் கற்றுக்கொள்ள, சைக்காலஜி படித்து லைசென்ஸ் வாங்கிய தெரபிஸ்ட்டுகள் பணம் கட்டி, பெட்டி படுக்கையோடு மலைக்குப் போய்த் தங்குகிறார்கள்.

அப்படித் தங்கிவிட்டு வந்தவர்களில் ஒருவன் என் ஹாஸ்டல் ரூம் மேட். கலிஃபோர்னியாவில் குடும்ப ஆலோசகன். புருஷன் பெண்டாட்டி சண்டை, அப்பா பிள்ளை தகராறு இதையெல்லாம் டாலரில் தீர்த்து வைப்பவன். அந்த மாநிலத்தில் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் இரண்டு வருஷத்துக்குள் 36 மணி நேரம் படித்தாக வேண்டும். அதில் 6 மணி நேரம் சட்டமும் தொழில் நெறியும். மீதி நம் இஷ்டம்.

"ஹோட்டல் ஹால்ல உட்கார்ந்து ஸ்லைடு பார்க்கறதுக்குப் பதிலா ரெட்வுட் மரத்தடியில அஞ்சு நாள் இருந்துட்டு வரலாமேன்னுதான்டா போனேன்" என்றான். சென்னை வந்தவனை மூன்று சாயங்காலம் விடாமல் குடைந்ததில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் மலை. மனசைச் செப்பனிட மலைக்குப் போவது அங்கே அறுபது வருஷத்துப் பழக்கம். 1962-ல் பிக் ஸர் என்ற இடத்தில், பசிபிக் கடலைப் பார்த்த பாறை விளிம்பில், வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில், மைக்கேல் மர்ஃபி, ரிச்சர்ட் பிரைஸ் என்ற இரண்டு ஸ்டான்ஃபோர்டு பட்டதாரிகள் 'எஸலன்' என்ற ஸ்தாபனத்தை ஆரம்பித்தார்கள். மர்ஃபி நமக்குக் கொஞ்சம் சொந்தம். ஐம்பதுகளில் பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியிருந்தவர். அறுபதுகளில் எஸலனுக்கு வந்து தங்கிய ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் என்ற ஜெர்மன் டாக்டர், காலி நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருப்பதாகவோ, தன்னுடைய பயமே உட்கார்ந்திருப்பதாகவோ நினைத்துக்கொண்டு பேச வைப்பார். பேசுகிறவர்கள் பெரும்பாலும் அழுதுவிடுவார்கள்.

நண்பன் போன மலை வேறு. ஆனால் அங்கேயும் நாற்காலிதான் பிரதானம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதல் இரண்டு நாள் பாடம், உடம்பு. "முப்பது பேர், எல்லாரும் பெரிய படிப்பு, கண்ணை மூடிக்கிட்டு உள்ளங்கால் எப்படி இருக்குன்னு யோசிச்சோம்."

"இதுக்கா டாலர் கொடுத்தே?"

"நானும் முதல் நாள் அப்படித்தான் நினைச்சேன்."

சமாசாரம் பழசு. ஃபிராய்டின் சீடர் வில்ஹெல்ம் ரைஷ், அடக்கி வைத்த உணர்ச்சி தசையில் கவசம் மாதிரி இறுகிவிடும் என்று 1930-களிலேயே சொன்னார். அப்புறம் சிகாகோவில் யூஜின் ஜென்ட்லின் என்ற பேராசிரியரும் கூட்டாளிகளும் சிகிச்சையின்போது எடுத்த டேப்புகளைப் போட்டுக் கேட்டார்கள். யாருக்குக் குணமாகிறது? தன் பிரச்னையை மேடைப் பேச்சு மாதிரி சரளமாகச் சொல்கிறவருக்கு இல்லை. நடுவில் தயங்கி, 'கோபம்னு சொல்ல முடியாது... இங்கே என்னமோ...' என்று நெஞ்சைத் தடவித் தேடுகிறவருக்குத்தான். ஜென்ட்லின் 1978-ல் இதைப் பற்றி 'ஃபோகஸிங்' என்றே ஒரு புத்தகம் எழுதினார்.

அடுத்தவர் பீட்டர் லெவின். 1997-ல் வந்த இவருடைய 'வேக்கிங் த டைகர்' புத்தகம் இந்த வட்டாரத்தில் பிரசித்தம். புலியிடமிருந்து தப்பித்த மான், உடம்பை ஒருமுறை உதறி நடுங்கிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி மேயப் போய்விடும். மனுஷன் உதற மாட்டான். நாலு பேர் பார்ப்பார்களே! ஓடவோ அடிக்கவோ கிளம்பிய வேகம் உடம்புக்குள்ளேயே பாதியில் நின்றுவிடுகிறது என்பது லெவினின் வாதம். எல்லா விஞ்ஞானிகளும் இதை ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஆனால், இதிலிருந்து அவர் எடுத்த பாடம் உபயோகமானது: பழைய பயத்தை ஒரேயடியாக வெளியே இழுக்காதே.

இதற்கு அவர் வைத்த பெயர் 'டைட்ரேஷன்'. ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கிறதா? ப்யூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் கரைசல் குப்பென்று ரோஜா நிறமாகிவிடும், மறுபடி முதலிலிருந்து. மனசும் அப்படித்தான். ஒரு சொட்டு பயம். உடனே, உடம்பில் எந்த இடம் சௌக்கியமாக இருக்கிறதோ - உள்ளங்காலோ, நாற்காலியில் சாய்ந்த முதுகோ - அங்கே கவனம். பிறகு இன்னொரு சொட்டு. ஊஞ்சல் மாதிரி போய்ப் போய் வர வேண்டும்.

மூன்றாம் நாள், மனசுக்குள் இருக்கும் கூட்டம்.

இதற்கு மூல புருஷர் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ். எண்பதுகளின் தொடக்கத்தில் சிகாகோ பக்கம் குடும்ப சிகிச்சை செய்துகொண்டிருந்தவர். அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கும் நோயுள்ள பெண்கள் அவரிடம் வந்தார்கள். 'எனக்குள்ள ஒரு பகுதி சாப்பிடுங்குது, ஒரு பகுதி திட்டுது' என்கிற ரீதியில் பேசினார்கள். குடும்பச் சண்டையையே பார்த்துப் பழகிய மனிதருக்குப் பொறி தட்டியது. அட, உள்ளேயும் ஒரு குடும்பம்!

ஆரம்பத்தில் அவரும் அந்தப் 'பகுதி'களோடு மல்லுக்கு நின்றார். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் ஒரு பெண்ணிடம், அதைச் செய்யவைக்கும் பகுதி இந்த வாரம் சும்மா இருப்பேன் என்று சத்தியம் செய்யும்வரை விடவில்லை. அடுத்த வாரம் அந்தப் பெண் முகத்தில் பெரிய காயத்தோடு வந்து நின்றாள். ஷ்வார்ட்ஸ் இடிந்துபோய், உன்னை என்னால் ஜெயிக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார். ஆச்சரியம், அந்தப் பகுதியும் இறங்கி வந்தது. ஏன் இதைச் செய்கிறாய் என்று சண்டைக்கு நிற்காமல் விசாரித்தபோது, சின்ன வயதில் அந்தப் பெண் பட்ட கொடுமையை அவள் தாங்கிக்கொள்ள அது உதவியது தெரிந்தது. இந்தக் கதையை அவரே எழுதியிருக்கிறார். 1995-ல் முறையைப் பற்றி முழுப் புத்தகம் போட்டார். 2021-ல் எழுதியதன் பெயரே 'நோ பேட் பார்ட்ஸ்'. உள்ளே இருப்பவர்களில் கெட்டவன் எவனுமில்லை என்பது கட்சி.

அவருடைய கணக்குப்படி உள்ளே மூன்று கோஷ்டி.

முதல் கோஷ்டிக்குப் பெயர், சத்தியமாக, 'மேனேஜர்'. தப்பு நடந்துவிடக்கூடாதே என்று சதா பதறுகிறவர்கள். மெயிலை ஏழு தடவை படிக்க வைப்பவர், 'தப்பா எடுத்துக்காதீங்க சார்' என்று வாக்கியத்தை ஆரம்பிக்க வைப்பவர் எல்லாம் இவர்களே. இரண்டாவது, தீயணைப்புப் படை. உள்ளே எங்கேயோ வலி பற்றிக்கொண்டால் ஓடி வந்து தண்ணீர் அடிப்பார்கள். வீட்டுச் சாமான் நனைவது பற்றிக் கவலையில்லை. நாலாவது சிகரெட், மூன்றாவது பெக், ராத்திரி இரண்டு மணி வரை செல்போன் எல்லாம் இவர்கள் கைங்கரியம். இந்த இரண்டு கோஷ்டியும் காவல் காப்பது மூன்றாவது கோஷ்டியை. பெயர், நாடு கடத்தப்பட்டவர்கள். எப்போதோ அவமானப்பட்டு, பயந்து, தனியாக நின்ற சின்னப் பிள்ளைகள்.

இவர்கள் எல்லாருக்கும் நடுவில் நிதானமாக, கருணையாக ஒருவர் இருக்கிறார், அவர் இல்லாத மனிதரே இல்லை என்பது ஷ்வார்ட்ஸின் நம்பிக்கை. அவருக்கு 'செல்ஃப்' என்று பெயர் வைத்திருக்கிறார். சிகிச்சை என்பது அவரைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க வைப்பது.

"சரிடா, இதைப் புத்தகத்திலேயே படிச்சுக்கலாமே. மலை எதுக்கு?"

"நாற்காலிக்கு" என்றான்.

மும்மூன்று பேராக உட்கார வேண்டும். ஒருத்தர் தெரபிஸ்ட். ஒருத்தர் நோயாளி. மூன்றாமவர் வாயைத் திறக்காமல் பார்ப்பவர். அப்புறம் இடம் மாறும். நோயாளி நாற்காலியில் இருப்பவர் நடிக்கக்கூடாது. சொந்தச் சரக்கைத்தான் எடுத்து வைக்க வேண்டும். மற்றவர்களை அழவைத்தே பழகியவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான்.

நண்பனுக்கு ஒரு உபத்திரவம் உண்டு. அவன் எதிரில் கணவனும் மனைவியும் குரலை உயர்த்தினால் போதும், இடது தோள்பட்டை கல்லாக இறுகிவிடும். உடனே வாயிலிருந்து யோசனைகள் கொட்டும். அவர்கள் பேசி முடிக்கவே விட மாட்டான். அந்தத் தோள்பட்டையைத்தான் எடுத்து வைத்தான்.

"அது மேல உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டாள் தெரபிஸ்ட் நாற்காலியிலிருந்த பெண்.

"எரிச்சலா வருது."

"அந்த எரிச்சல் கொஞ்சம் ஒதுங்கி நிக்குமா?"

இந்த முறையின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறதாம். ஒரு பகுதியின் மேல் எரிச்சல் வந்தால் அந்த எரிச்சலும் இன்னொரு பகுதி. அதையும் விரட்டாமல், மரியாதையாக ஒதுங்கச் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரத்தில் எரிச்சல் போய், தோள்பட்டை மேல் லேசான ஆர்வம் வந்தது.

"நீ இறுக்கறதை நிறுத்திட்டா என்ன ஆகும்னு பயப்படறேன்னு கேளுங்க."

கேட்டான். வந்த பதில்: வீடு ரெண்டாயிடும்.

"உங்களுக்கு இப்ப என்ன வயசுன்னு அது நினைச்சுக்கிட்டிருக்கு?"

"எட்டு" என்றான் சட்டென்று. அவனுக்கு நாற்பத்தெட்டு.

அவன் வீட்டில் அப்பாவும் அம்மாவும் வருஷக்கணக்கில் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. 'அம்மாகிட்ட சொல்லு', 'உங்கப்பாகிட்ட சொல்லு' என்று எல்லாத் தந்தியும் இவன் வழியாகத்தான். கடுமையான வார்த்தைகளை வடிகட்டிவிட்டு மீதியைக் கொண்டு போவான். நாலு வருஷம் ஒரே ரூமில் இருந்தோம். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் ஏன் குடும்ப ஆலோசகன் ஆனான் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

"அழுதியா?"

"நான் அழலை. பார்க்க உட்கார்ந்திருந்த ஆளு அழுதுட்டான். வாயைத்தானே திறக்கக்கூடாது!"

இதில் ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. 1973-ல் 'சிபில்' என்ற புத்தகம், ஒரே பெண்ணுக்குள் பதினாறு பேர் என்று சொல்லி அமெரிக்காவையே கலக்கியது. பின்னாலேயே பல ஆளுமை நோய் என்று ஏராளமானவர்களுக்கு முத்திரை குத்தினார்கள். நடக்காத கொடுமைகளை ஞாபகம் என்று மண்டையில் ஏற்றிவிட்டார்கள் என்று 1990-களில் நோயாளிகள் தெரபிஸ்ட்டுகள் மேல் வழக்குப் போட்டார்கள். குடும்பங்கள் உடைந்தன. அதனால்தான் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: கேள், பதிலை நீ எடுத்துக் கொடுக்காதே. உள்ளே வருகிற காட்சியெல்லாம் கோர்ட் சாட்சி ஆகிவிடாது.

நிரூபணமும் இன்னும் கைப்பிடி அளவுதான். 2013-ல் மூட்டுவாத நோயாளிகள் 79 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. ஷ்வார்ட்ஸ் முறையில் ஒன்பது மாதம் சிகிச்சை பெற்றவர்கள், வலி குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். 2017-ல் இஸ்ரேலில், அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் உள்ள 63 பேரிடம் லெவின் முறையைப் பரிசோதித்தார்கள். அங்கேயும் நல்ல பலன். ஆனால் இரண்டுமே சின்ன ஆய்வுகள். தூக்கமே வராமல், உயிரை விட்டுவிடலாமா என்று தோன்றுகிற நிலையில் இருப்பவர் போக வேண்டிய இடம் மலையல்ல, நல்ல மனநல மருத்துவர். நீங்கள் இந்தக் கட்டுரையைப் படித்த தைரியத்தில் பக்கத்து சீட்டுக்காரரை நாற்காலியில் உட்காரவைத்துப் பரிசோதிக்கவும் வேண்டாம்.

உங்களுக்கு நீங்களே ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். 'ஏன்டா இப்படிப் பண்றே' என்று நம்மையே நாம் திட்டிக்கொள்வது வழக்கம்தானே? அதற்குப் பதிலாக, 'இதை நீ நிறுத்திட்டா என்ன ஆகும்னு பயப்படறே?' என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கொஞ்சம் சும்மா இருக்க வேண்டும். நம்மில் பலருக்கு அதுதான் கஷ்டம்.

"இப்ப தோள்பட்டை சரியாயிடுச்சா?" என்று கடைசியாகக் கேட்டேன்.

"எங்கே! இப்பவும் ரெண்டு பேர் கத்தினா இறுகத்தான் செய்யுது. ஆனா யாருன்னு தெரியுது. 'நான் பார்த்துக்கறேன், நீ போய் விளையாடு'ன்னு மனசுக்குள்ள சொல்லிடறேன்."

"போயிடுமா?"

"வாசல் வரைக்கும் போகும். அங்கேயே நின்னு எட்டிப் பார்க்கும். எட்டு வயசுதானேடா!"