கண்ணை மாத்தியாச்சு, பார்வை ஏன் வரல?

2023 மே மாதம் நியூயார்க்கின் என்.ஒய்.யு. லாங்கோன் மருத்துவமனையில், உலகிலேயே முதன்முறையாக ஒருவருக்கு முழுக் கண்ணும் மாற்றிப் பொருத்தப்பட்டது. ஓராண்டு கடந்தும் அந்தக் கண்ணில் ரத்த ஓட்டம் நன்றாகவே இருந்தது. ஆனால், பார்வை வரவில்லை. காரணம், பார்வை நரம்பு.

கண் தானத்தில் பார்வை வருதே?

அதில் மாற்றுவது கருவிழியை மட்டும்தான். கண்ணையும் மூளையையும் இணைக்கும் கேபிள்தான் பார்வை நரம்பு. அதற்குள் சுமார் 10 லட்சம் நுண்ணிழைகள் இருக்கின்றன. கையில் நரம்பு அறுந்தால் தைக்கலாம், மெல்ல வளரும். பார்வை நரம்பு அப்படியல்ல. மீனுக்கும் தவளைக்கும் திரும்ப வளரும், நமக்கு வளராது.

எலிக்கு வளர்ந்ததாமே?

ஆமாம். 2008-ல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிகாங் ஹே குழு, எலிகளின் விழித்திரை செல்களில் 'பிடென்' என்ற ஜீனை நீக்கியது. நசுக்கப்பட்ட நரம்பிழைகள் மீண்டும் வளர்ந்தன. 2016-ல் ஸ்டான்ஃபோர்டு குழு, வளர்ச்சித் தூண்டலோடு காட்சிப் பயிற்சியும் கொடுத்தது. இழைகள் மூளை வரை சென்று, பார்வை ஓரளவு திரும்பியது.

அப்போ மனுஷனுக்கு ஏன் தாமதம்?

தூரம்: எலியில் மில்லிமீட்டர் கணக்கு. நமக்கு நரம்பு மட்டுமே சுமார் 5 செ.மீ.

பாதுகாப்பு: பிடென், புற்றுநோயைத் தடுக்கும் ஜீன்.

நேரம்: 2008 ஆய்வில் ஜீனை நீக்கியது, நரம்பை நசுக்குவதற்கு முன்பே. நிஜத்தில் பைக்கில் இருந்து விழுந்த பிறகுதானே மருத்துவமனைக்கு வருவார்கள்? அதற்குள் செல்கள் சாகத் தொடங்கிவிடும்.

இப்போ சிகிச்சையே இல்லையா?

விபத்தில் பார்வை நரம்பு அடிபட்ட 133 பேரை வைத்து, 1999-ல் ஒரு சர்வதேச ஆய்வு வெளியானது. ஸ்டீராய்டு, அறுவை சிகிச்சை, எதுவும் செய்யாமல் விடுவது என மூன்றையும் ஒப்பிட்டதில், தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. சிலருக்குத் தானாகவே பார்வை கொஞ்சம் திரும்பியது. அதனால்தான், 'ஊசி போட்டேன், சரியாச்சு' என்ற வீடியோ ஆதாரமாகாது. ஊசி போடாதவர்களோடும் ஒப்பிட்டாக வேண்டும்.

அவசரப்பட்டால்?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் விழித்திரைச் சிதைவுக்குப் பணம் கட்டி 'ஸ்டெம் செல்' ஊசி போட்டுக்கொண்ட மூன்று பெண்கள், இருந்த பார்வையையும் பெருமளவு இழந்தது 2017-ல் மருத்துவ இதழில் பதிவானது.

தலையிலோ புருவத்திலோ அடிபட்டு பார்வை மங்கினால், அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். 'நரம்பை வளர வைக்கிறோம்' என்று யாராவது சொன்னால், இது பதிவு செய்யப்பட்ட ஆய்வா என்று கேளுங்கள். ஆய்வு என்று சொல்லிவிட்டு உங்களிடமே பில் நீட்டினால், யோசிக்காமல் கிளம்பிடுங்க.