ஜிம்மி ஃபிளாய்ட் ஹாசல்பைங்க்

ஜெரல் ஃபிளாய்ட் ஹாசல்பைங்க் (பிறப்பு: மார்ச் 27, 1972) நெதர்லாந்தின் முன்னாள் காற்பந்தாட்ட வீரர், பின்னர் பயிற்சியாளராகவும் பணியாற்றியவர். ஜிம்மி என்ற பெயரால் பரவலாக அறியப்படுகிறார். முன்கள வீரரான இவர் நெதர்லாந்து, போர்த்துகல், இங்கிலாந்து, எசுப்பானியா, வேல்சு ஆகிய நாடுகளைச் சேர்ந்த பத்துக் கழகங்களுக்கு ஆடினார். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 288 ஆட்டங்களில் 127 கோல்கள் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை இருமுறை பெற்றார். ஆனால் எந்த நாட்டிலும் முதற்பிரிவு லீக் பட்டம் வென்ற அணியில் இவர் இருந்ததில்லை. ஒரு வீரரின் திறமைக்கும் அவரது அணியின் வெற்றிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கக்கூடும் என்பதற்கு இவரது விளையாட்டு வாழ்க்கை நல்ல எடுத்துக்காட்டு.

இளமைக்காலம்

தென் அமெரிக்காவில் அன்று டச்சு ஆட்சியின் கீழ் இருந்த சூரினாமின் தலைநகர் பரமாரிபோவில் இவர் பிறந்தார். சூரினாம் 1975 நவம்பரில் விடுதலை பெற்றது. அதையொட்டிய ஆண்டுகளில் அங்கிருந்து ஏராளமான குடும்பங்கள் நெதர்லாந்தில் குடியேறின. எட்கர் டேவிட்ஸ், கிளாரன்ஸ் சீடோர்ஃப் ஆகிய புகழ்பெற்ற வீரர்களும் பரமாரிபோவில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்தவர்களே. ஹாசல்பைங்க் 1978இல் தம் தாயுடன் ஆம்ஸ்டர்டாமுக்கு அருகிலுள்ள சான்டாம் நகருக்கு வந்து சேர்ந்தார்.

பதின்ம வயதில் தவறான சேர்க்கையால் திருட்டில் ஈடுபட்டு, சிறார் சீர்திருத்த இல்லத்தில் சில காலம் இருந்ததை அவரே பிற்காலத்தில் மறைக்காமல் கூறியுள்ளார். டெல்ஸ்டார் கழகத்தில் தொழில்முறை வாழ்க்கையைத் தொடங்கிய அவர், பின்னர் அல்க்மார் நகரின் ஏசட் கழகத்திற்குச் சென்றார். இரு இடங்களிலும் நிலைக்க முடியவில்லை. 1993இல் ஏசட் அவரை விடுவித்தபோது அவருக்கு வயது 21. அடுத்த இரண்டு ஆண்டுகள் தொழில்முறைக் கழகம் எதுவும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

போர்த்துகல் தந்த மறுவாழ்வு

1995இல் வாய்ப்பளித்தது போர்த்துகலின் காம்போமயோரென்சே. எசுப்பானிய எல்லையை ஒட்டிய காம்போ மயோர் என்னும் சிற்றூரின் கழகம் அது. ஜிம்மி என்ற பெயர் அவருக்கு வாய்த்ததும் இங்கேதான். அப்பருவத்தில் அவர் 12 லீக் கோல்கள் அடித்தார். ஆயினும் அணி இரண்டாம் பிரிவுக்குத் தரமிறங்கியது. அடுத்த ஆண்டு போர்ட்டோ நகரின் போவிஸ்டா கழகத்திற்காக 20 லீக் கோல்கள் அடித்தார். 1997 போர்த்துகல் கோப்பை இறுதிப்போட்டியில் போவிஸ்டா 3-2 என்ற கணக்கில் பென்ஃபிக்காவை வென்றது. ஓராட்டத்தோடு முடியும் இங்கிலாந்தின் சேரிட்டி ஷீல்டு கோப்பையை நீக்கிவிட்டுப் பார்த்தால், வீரராக அவர் வென்ற பெரிய கோப்பை இது ஒன்றே.

லீட்ஸ் யுனைட்டெட்

1997இல் லீட்ஸ் யுனைட்டெட் அவரை ஏறத்தாழ 20 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. முதல் பருவத்தில் 16 லீக் கோல்கள், அடுத்ததில் 18. 1998-99 பருவத்தின் தங்கக் காலணியை மைக்கேல் ஓவன், டுவைட் யார்க் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். மூவரும் அடித்தது 18 கோல்கள்தாம். ஆனால் யார்க் ஆடிய மான்செஸ்டர் யுனைட்டெட் அதே ஆண்டில் மூன்று பெரும் பட்டங்களை வென்றது. லீட்ஸ் நான்காம் இடம் பெற்றது. ஊதிய ஒப்பந்தப் பேச்சு முறிந்ததால் அவர் அங்கிருந்து விலகி மாட்ரிட் சென்றார்.

மாட்ரிட்டில் ஓராண்டு

அத்லெடிகோ மாட்ரிட் கழகத்தில் அவர் கழித்த 1999-2000 பருவம் விரிவாக நோக்கத்தக்கது. 1999 அக்டோபர் 30 அன்று பரம எதிரியான ரியால் மாட்ரிட்டை அதன் சொந்தத் திடலிலேயே அத்லெடிகோ 3-1 என வீழ்த்தியது. ஹாசல்பைங்க் இரண்டு கோல்கள் அடித்தார். அதன்பின் ரியால் மாட்ரிட்டை வெல்ல அத்லெடிகோ 2013 மே மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் அவ்வாண்டு திசம்பரில் நிதி முறைகேட்டுக் குற்றச்சாட்டு தொடர்பாக, தலைவர் எசூஸ் கில் உள்ளிட்ட நிர்வாகக் குழுவை நீதிமன்றம் விலக்கி, கழகத்தை நடத்த வேறொருவரை நியமித்தது. கழகம் நிலைகுலைந்தது. பயிற்சியாளர் கிளாடியோ ரனியேரி பாதியில் விலகினார். அணி பட்டியலில் சரிந்துகொண்டே போனது.

எசுப்பானிய முதற்பிரிவில் 20 அணிகள் உண்டு. கடைசி மூன்று இடங்களைப் பெறுபவை இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்படும். 2000 மே 7 அன்று ஒவியேடோ நகரில் நடந்த ஆட்டத்தில், இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்த அத்லெடிகோ போராடி 2-2 எனச் சமன் செய்தது. ஆட்டத்தின் பிற்பகுதியில் பெனால்ட்டி வாய்ப்பும் கிடைத்தது. ஹாசல்பைங்க் உதைத்த பந்தை ஒவியேடோவின் கோல்காப்பாளர் எஸ்தெபான் தடுத்துவிட்டார். அன்றே அத்லெடிகோவின் தரமிறக்கம் உறுதியாயிற்று.

அந்த ஒரு பெனால்ட்டியை மட்டும் நினைவில் வைத்து அவரைக் குறை சொல்வது எளிது. ஆனால் அப்பருவத்தில் அவர் அடித்த லீக் கோல்கள் 24. முதலிடம் பெற்ற சால்வா பயெஸ்தா அடித்தவை 27. இன்னொரு டச்சுக்காரரான ராய் மக்காய் 22 கோல்கள் அடித்தார். அவரது தெபோர்தீவோ லா கொருன்யா பட்டம் வென்றது. அவரைவிட இரண்டு கோல் கூடுதலாக அடித்தவரின் அணியோ 19ஆம் இடத்தில் முடிந்தது. அம்மாதமே வலென்சியாவில் நடந்த எசுப்பானியக் கோப்பை இறுதிப்போட்டியிலும் அத்லெடிகோ 2-1 என எஸ்பன்யோலிடம் தோற்றது.

செல்சி

2000இல் செல்சி கழகம் அவரை ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு வாங்கியது. ஆலன் ஷியரருக்காக 1996இல் நியூகாசில் கொடுத்த தொகைக்கு அது சமம். சில மாதங்களில் ரனியேரியே செல்சியின் பயிற்சியாளராக வந்தார். கொவென்ட்ரியை 6-1 என வென்ற ஆட்டத்தில் ஹாசல்பைங்க் நான்கு கோல்கள் அடித்தார். 23 கோல்களுடன் 2000-01 பருவத்தின் தங்கக் காலணி அவருக்கே உரியதாயிற்று.

அடுத்த பருவத்திலும் லீக்கில் 23 கோல்கள். ஐஸ்லாந்து வீரர் எய்துர் குட்யோன்செனுடன் அவர் அமைத்த இணை மிகவும் பேசப்பட்டது. 2002 மார்ச்சில் டோட்டன்ஹாமுக்கு எதிராக வலக்கால், இடக்கால், தலை ஆகிய மூன்றாலும் ஒவ்வொரு கோல் அடித்து ஹாட்ரிக் பெற்றார். ஆனால் அவ்வாண்டின் எஃப்ஏ கோப்பை இறுதிப்போட்டியில் ஆர்சனல் 2-0 என வென்றது. 2004இல் அவர் செல்சியை விட்டு விலகினார். அடுத்த பருவத்திலேயே செல்சி லீக் பட்டம் வென்றது.

பிற்காலக் கழகங்கள்

மிடில்சுபரோ அணியுடன் 2006 யூஈஎஃப்ஏ கோப்பை இறுதிப்போட்டி வரை சென்றார். அது நடந்தது அவர் வளர்ந்த நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில். செவியா 4-0 என வென்றது. அடுத்து ஆடிய சார்ல்ட்டன் 2007இல் தரமிறங்கியது. கடைசியாக வேல்சின் கார்டிஃப் சிட்டி அணியுடன் 2008 எஃப்ஏ கோப்பை இறுதிப்போட்டியில் ஆடினார். போர்ட்ஸ்மவுத் 1-0 என வென்றது. அவ்வாண்டே ஓய்வு பெற்றார்.

நாட்டு அணி

நெதர்லாந்துக்காக 23 ஆட்டங்களில் 9 கோல்கள் அடித்தார். 1998 உலகக்கோப்பையில் பெல்ஜியத்திற்கு எதிரான முதல் ஆட்டத்தில் தொடக்க அணியில் இடம்பெற்றார். பெர்க்காம்ப், குளைவர்ட், மக்காய், வான் நிசுடல்ரூய் என முன்களத்தில் போட்டி கடுமையாக இருந்த காலம் அது. எசுப்பானியாவில் 24 கோல்கள் அடித்த அதே 2000ஆம் ஆண்டில், நெதர்லாந்தும் பெல்ஜியமும் நடத்திய ஐரோப்பியக் கோப்பைக்கான அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

பயிற்சியாளராக

ஓய்வுக்குப் பின் பயிற்சியாளராகி, இங்கிலாந்தின் நான்காம் நிலைப் பிரிவில் பர்ட்டன் ஆல்பியன் அணியை 2014-15 பருவத்தில் முதலிடம் பெறச் செய்தார். வீரராக எட்டாத லீக் பட்டம் இவ்வாறு பயிற்சியாளராகக் கைகூடியது. 2023இல் இங்கிலாந்து நாட்டு அணியின் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். 2024 ஐரோப்பியக் கோப்பை இறுதிப்போட்டியில் அவ்வணி 2-1 என எசுப்பானியாவிடம் தோற்றது.

மதிப்பீடு

விசை மிகுந்த உதையே ஹாசல்பைங்கின் தனி முத்திரை. கோல் பகுதிக்கு வெளியே தொலைவிலிருந்து அடிப்பதிலும் நேரடி உதைகளிலும் அவர் வல்லவர். வீரராக நான்கு பெரும் இறுதிப்போட்டிகளில் தோற்றார்; மூன்று முறை தரமிறக்கம் கண்டார். ஆயினும் 21 வயதில் வேண்டாம் என்று விடப்பட்டவர், சென்ற நாடெல்லாம் கோல் அடித்தார் என்பதும் அதே பதிவேட்டில்தான் இருக்கிறது. கோப்பை அணிக்கு உரியது. அதை வைத்து மட்டும் ஒரு வீரரை அளப்பது சரியாகாது.