மலடி என்னும் பழி

மணமாகிச் சில ஆண்டுகள் கழிந்தும் மகப்பேறு வாய்க்காவிடின், பழி முழுவதும் பெண்ணின் தலையிலேயே சுமத்தப்படுகின்றது. கோயிலுக்கு நேர்த்தி வைப்போர் பலர்; காரணத்தை ஆராய்வோர் சிலரே. அக்காரணங்களுள் முக்கியமானதொன்று சூலக நீர்க்கட்டி நோயாகும்.

1935ஆம் ஆண்டிற் சிக்காகோ நகர மருத்துவர்களான ஸ்டெயின், லெவெந்தால் ஆகிய இருவரும் ஏழு பெண்களை ஆராய்ந்து இந்நோயை விவரித்தனர். மகப்பேற்று வயதுப் பெண்களுள் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு இது உண்டென உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது.

நீர்க்கட்டி என்பது பெயரளவிலேதான். உண்மையில் அவை முதிராது நின்றுவிட்ட முட்டைப் பைகளே. இன்சுலின் செவ்வனே தொழிற்படாதவிடத்து, உடல் அதனை மேலும் மிகுதியாகச் சுரக்கின்றது. அம்மிகுதி சூலகத்தைத் தூண்ட, ஆண்தன்மைக்குரிய ஓமோன் பெருகுகின்றது. அதனால் முட்டை முதிர்ந்து வெளிப்படுதல் தடைப்படுகின்றது. மாதவிலக்கு ஒழுங்கு தவறுகின்றது. சிலருக்கு முகத்தில் உரோமமும் பருக்களும் தோன்றுகின்றன.

ஆயினும் இது தீராத மலட்டுத்தன்மையன்று. பருத்த உடலினர் தம் எடையில் நூற்றுக்கு 5 பங்கைக் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்குச் சீராகின்றது. மருத்துவரின் கண்காணிப்பில் உட்கொள்ளப்படும் லெட்ரசோல் மாத்திரை முட்டை வெளிப்படத் துணைசெய்கின்றது. நீரிழிவு பிற்காலத்தில் அணுகக்கூடுமாதலால், மகப்பேற்றின் பின்னரும் கவனம் வேண்டும்.

கணவனும் பரிசோதிக்கப்படல் வேண்டும். குறை அவனிடத்தும் இருத்தல் கூடும். பழிச்சொல்லைக் கைவிட்டு இருவரையும் மருத்துவரிடம் ஆற்றுப்படுத்துவதே சுற்றத்தாரின் கடனாகும்.