ஒரு நோயாளி, ஐந்து கோப்புகள்

மருத்துவமனைக் கோப்பு அறையில் வேலை பார்த்தவர்களுக்கு, பதிவு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள்தான் எல்லாம். 47இல் முடியும் கோப்புகள் ஓர் அலமாரியில், 48இல் முடிபவை அடுத்ததில். ஒவ்வொரு கோப்பின் முதுகிலும் இலக்கத்துக்கு ஏற்ற வண்ணப் பட்டை இருக்கும். ஒரு கோப்பை இடம் மாற்றிச் செருகிவிட்டால் வண்ண வரிசை அறுந்து தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும். கோப்பு வெளியே போனால் அந்த இடத்தில் ஓர் அட்டையை வைப்போம்: யார் எடுத்தது, எந்தக் கிளினிக்குக்கு, எந்தத் தேதியில். மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள ஓர் அரசாங்க மருத்துவமனையில் பணி ஓய்வு பெறும்வரை நான் பார்த்த வேலை இதுதான்.

இவ்வளவு ஒழுங்கு இருந்தும் கோப்பு கிடைக்காத நாள்கள் உண்டு. நோயாளி காலையிலேயே வந்து உட்கார்ந்திருப்பார். கோப்பு வேறொரு வார்டில், ஏதோ ஒரு டாக்டரின் மேசையில் இருக்கும். வேறு வழியில்லாமல் தற்காலிகக் கோப்பு திறப்போம். டாக்டர் வெற்றுத் தாளை வைத்துக்கொண்டு, "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்பார். "வெள்ளை மாத்திரை ஒண்ணு, ரோஸ் கலர் ஒண்ணு" என்று பதில் வரும். அந்த ஒரு பதிலை நம்பித்தான் அன்றைய சிகிச்சை நடக்கும். தற்காலிகக் கோப்பைப் பழைய கோப்போடு சேர்க்க மறந்தால், அதே மனிதருக்கு இரண்டு வரலாறு. பென்சிலின் ஒவ்வாது என்ற சிவப்பு எழுத்து ஒன்றில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது.

நம் பெயர்கள் இன்னொரு தலைவலி. லட்சுமி, லெட்சுமி, லெச்சுமி என்று ஒரே பெண்மணி மூன்று விதமாகப் பதிவாகியிருப்பார். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முழுதாக, ஓரிடத்தில் வெறும் முதலெழுத்தாக. அடையாள அட்டை எண் ஒன்றுதான் மாறாமல் நிற்கும். பிறந்த தேதிக்கு ஆறு இலக்கம், பிறந்த இடத்துக்கு இரண்டு, பிறகு நான்கு. மொத்தம் பன்னிரண்டு. பெயரால் தேடி ஏமாந்த பிறகு அந்த எண்ணைத் தட்டி ஆளைக் கண்டுபிடித்த நாள்கள் ஏராளம்.

இதையெல்லாம் மாற்றும் திட்டம் நம் நாட்டில் நேற்று முளைத்ததல்ல. மல்டிமீடியா சூப்பர் காரிடார் என்ற தொழில்நுட்பத் திட்டத்தின் காலத்தில், 1997இல் வெளியான தொலைமருத்துவத் திட்ட வரைவே, ஒருவர் பிறந்ததுமுதல் இறுதிவரை தொடரும் ஒரே சுகாதாரப் பதிவைப் பற்றிப் பேசியது. 1999இல் செலாயாங் மருத்துவமனை தாளில்லா மருத்துவமனையாகவே திறக்கப்பட்டது. டாக்டர் மருந்தைக் கணினியில் பதிந்தால் அது நேரே மருந்தகத் திரைக்குப் போகும். ரத்தப் பரிசோதனை முடிவு வார்டுக்குத் தானே வந்து சேரும். எக்ஸ்ரே படத்தை ஃபிலிமில் ஏந்திப் பார்க்க வேண்டியதில்லை. நோயாளிக்கு ஒவ்வாத மருந்தை எழுதினால் திரையே எச்சரிக்கும். பிறகு புத்ராஜெயா, செர்டாங், அம்பாங், சுங்கை பூலோ, 2015இல் ஷா ஆலம் என்று இந்த வகை மருத்துவமனைகள் பெருகின. கோப்பு தேடி அலமாரி அலமாரியாக அலைந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆனால் ஒரு மருத்துவமனைக்குள் எல்லாம் கணினியில் இருப்பது வேறு, ஒரு நோயாளியின் விவரம் அவர் போகும் இடமெல்லாம் கூடவே வருவது வேறு. முதலாவதைக் கட்டிவிட்டு இரண்டாவதைப் பாதியில் விட்டதுதான் நம் குறை என்பேன். இந்த மருத்துவமனைகள் வெவ்வேறு நிறுவனங்களின் மென்பொருளில் வளர்ந்தன. சுகாதார அமைச்சின் கீழ் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் இருக்க, பெரும்பாலானவை நீண்ட காலம் தாளிலேயே ஓடின. பிரிக்பீல்ட்ஸ் தெருவோரத் தனியார் கிளினிக்கில் இருப்பது இன்னொரு மென்பொருள், அல்லது மேசை டிராயரில் அடுக்கிய அட்டை. தனியார் மருத்துவமனைக்குத் தனிப் பதிவு.

கிள்ளானில் என் அண்டை வீட்டுக்காரர், லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், இனிப்புநீர் நோயாளி. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி மாத்திரை வாங்குவார். வரிசை நீளமான மாதங்களில் மகள் தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப் போவாள். ஒரு நாள் காலை உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, வாய் குழறி வாசலில் உட்கார்ந்துவிட்டார். சீனித் தண்ணீர் கொடுத்ததும் தெளிந்தது. மாத்திரைகளை எடுத்துப் பார்த்தேன். ஒரு பொட்டலத்தில் கிளிக்லசைடு, இன்னொரு பெட்டியில் டயமிக்ரான். பெயர்தான் வேறு, உள்ளே இருப்பது ஒரே மருந்து. "ரெண்டு டாக்டரும் குடுத்தது தானே அக்கா, ரெண்டும் நல்லதுன்னு சாப்பிட்டேன்" என்றார். அவர்மேல் என்ன தப்பு? இரண்டு டாக்டர்களும் தங்கள் முன்னால் இருந்த பதிவுப்படி சரியாகத்தான் எழுதினார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மருந்தைவிட மோசமாக ஏமாற்றுவது சிறுநீரகம். ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு ஒரு வருடம் 90, அடுத்து 110, பிறகு 140 என்று ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒரே திரையில் வரிசையாக இருந்தால் எந்த டாக்டரும் நிமிர்ந்து உட்காருவார். மூன்றும் மூன்று கிளினிக்கில் கிடந்தால் எவருக்கும் அந்த ஏற்றம் தெரியாது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் நீரிழிவு, 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இருந்தது. இந்தியர்களிடையே மட்டும் 31.4 விழுக்காடு. டயாலிசிஸ் மையங்களில் நம்மவர் முகங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்களை விளக்க வேண்டியதில்லை. பதிவுகளை இணைப்பது எல்லாருக்கும் நல்லது. நமக்கு அது உயிர்ப் பிரச்சினை.

இணைப்பதற்கு மூன்று வேண்டும். ஆளை அடையாளம் காட்டும் எண் முதலாவது; அது நம்மிடம் எப்போதோ இருக்கிறது. 2001இல் வந்த மைகார்டு அடையாள அட்டையின் சில்லில் ஒவ்வாமை, நாட்பட்ட நோய் போன்ற அடிப்படை மருத்துவ விவரங்களைப் பதியவும் இடம் வைத்தார்கள். அதைப் பயன்படுத்தியவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள். இரண்டாவது, பொதுவான நோய்க் குறியீடு. நீரிழிவை ஒரு டாக்டர் டி.எம். என்று எழுதுவார், இன்னொருவர் கென்சிங் மானிஸ் என்பார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் இரண்டாம் வகை நீரிழிவுக்கு ஈ11 என்று ஒரே குறியீடு. கணினிக்கு அது போதும். மூன்றாவது, ஒரு மென்பொருளின் தகவலை இன்னொன்று புரிந்துகொள்ளும் வடிவம். எச்.எல்.7 அமைப்பு வகுத்த 'ஃபயர்' என்ற தரமுறையை இன்று பல நாடுகள் பின்பற்றுகின்றன. இனி எந்த மருத்துவமனைக்கு மென்பொருள் வாங்கினாலும் இதை முதல் நிபந்தனையாக வைக்க வேண்டும்.

"எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் திருடனுக்கும் வசதிதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான பயம். 2018இல் சிங்கப்பூரில் சிங்ஹெல்த் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்களை அள்ளிச் சென்றார்கள். அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரமும் அதில் அடக்கம். நம் நாட்டின் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. அரசாங்க மருத்துவமனையில் உள்ள நம் பதிவுக்கும் அதே பாதுகாப்பைச் சட்டத்தில் எழுதி வைக்க வேண்டும். எஸ்தோனியாவில் 2008 முதல் நாடு தழுவிய மின்னியல் பதிவு இருக்கிறது. தன் பதிவை யார், எப்போது திறந்து பார்த்தார்கள் என்பதை அங்கே நோயாளியே பார்க்கலாம். எங்கள் அலமாரி அட்டையில் நாங்கள் எழுதி வைத்தது அதைத்தானே? அந்த அட்டையை நோயாளியின் கையில் கொடுப்பதுதான் சரியான ஏற்பாடு. அது இல்லாத எந்தத் திட்டத்தையும் நான் ஏற்கமாட்டேன்.

கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில் மைசெஜாத்ரா செயலி வந்தபோது, கைப்பேசியைத் தொடவே தயங்கிய பாட்டிமார்கூடப் பழகிக்கொண்டார்கள். தடுப்பூசிப் பதிவு ஒரே செயலியில், எந்த மருத்துவமனையில் போட்டிருந்தாலும் தெரிந்தது. ஆக, மக்களால் முடியும், நாட்டாலும் முடியும். 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை மின்னியல்மயத்தை வலியுறுத்துகிறது. தெருவோரத் தனியார் கிளினிக்குகளையும் இதில் சேர்க்காவிட்டால் என் அண்டை வீட்டுக்காரருக்கு ஒன்றும் மாறாது. சிறு கிளினிக் நடத்தும் டாக்டர்களால் அந்தச் செலவைத் தனியாகச் சுமக்க முடியாது. அரசாங்கம் கைகொடுக்க வேண்டும்.

அதுவரை உங்கள் பதிவுக்கு நீங்கள்தான் பொறுப்பு. எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் சாப்பிடும் மாத்திரைகளைப் பெட்டியோடு எடுத்துப் போங்கள். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர், அளவு, ஒவ்வாத மருந்து ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அடையாள அட்டையோடு வையுங்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். தனியார் மருத்துவமனையிலும் மருத்துவ அறிக்கை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு; கட்டணம் இருக்கும். ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தேதிவாரியாக அடுக்கி, அடுத்த முறை டாக்டர் முன்னால் மேசையில் வைத்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.